அருணாசலமும் நமது வாக்குச்சீட்டும்

தேர்தல் நாளன்று குருக்கள்மடத்தின் வாவியில் தோணி விடும் மீனவரும், படுவான்கரை வயலில் உழைக்கும் கமக்காரரும், அவர்தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாமும் ஒரே வரிசையில் நிற்கிறோம். பட்டம் பெற்றவருக்கும் ஒரு வாக்கு; கையெழுத்திட அறியாத மூதாட்டிக்கும் ஒரு வாக்கு. இச்சமத்துவம் எவ்வாறு வந்தது என வகுப்பில் வினவினால், "வெள்ளையர் தந்தனர்" என்றே மாணவர் பலர் விடையிறுப்பர். அவ்விடை பாதி உண்மையே.

1911ஆம் ஆண்டில் "படித்த இலங்கையர்" என்போர் சட்டநிரூபண சபைக்குத் தம் பிரதிநிதி ஒருவரைத் தெரிந்தெடுத்தனர். தீவு முழுவதிலும் அவ்வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 3,000 பேர். அத்தேர்தலில் வென்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இக்குறுகிய வாசலை அகலத் திறக்கப் பின்னர் முனைந்தவர் அவருடைய இளவல் சேர் பொன்னம்பலம் அருணாசலம்.

1853இல் பிறந்த அருணாசலம், சிவில் சேவையில் உயர்பதவி வகித்து 1913இல் ஓய்வுபெற்றார். ஓய்வு அவருக்கு உறக்கமாகவில்லை. 1915இல் சமூக சேவைக் கழகத்தை நிறுவினார். 1917இல் நாட்டின் அரசியல் தேவைகள் குறித்து அவர் ஆற்றிய பேருரை சீர்திருத்த இயக்கத்துக்கு உயிரூட்டியது. 1919 டிசம்பரில், தமது அறுபத்தாறாவது வயதில், சிங்களவரும் தமிழரும் ஒருங்கே கூடிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். அதே ஆண்டில் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தையும் அமைத்தார். வேலையை விட்டு நீங்கிய தோட்டத் தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறையிலிட்ட கொடுஞ்சட்டத்தை எதிர்த்து நின்றார்.

மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் பெற ஒத்துழைப்பதாகத் தந்த வாக்குறுதியைச் சகாக்கள் காப்பாற்றாததால், 1921இல் காங்கிரசை விட்டு விலகினார். 1924இல் மதுரையில் காலமானார். அவ்வாண்டிலும் மக்களுள் நூற்றுக்கு நால்வரே வாக்காளர்!

பின்னர் நிகழ்ந்ததையும் மறைத்தலாகாது. 1927இல் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, செல்வர் நிறைந்த அதே காங்கிரஸ், சொத்தும் வருமானமும் கல்வியும் இல்லாதார்க்கு வாக்குரிமை வேண்டாமென்றது. எல்லோர்க்கும் வேண்டுமென வாதாடியது ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கம். மாதர் வாக்குரிமைச் சங்கமும் பெண்களுக்காகக் குரல் கொடுத்தது. 1931இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களித்தனர். பிரித்தானியப் பெண்கள் ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை பெற்று அப்போது மூன்றாண்டுகளே கழிந்திருந்தன.

ஆயினும் பெற்ற உரிமை நிலைத்ததா? சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெருந்தொகையாக நாடற்றவராக்கியது; அடுத்த ஆண்டில் அவர்தம் வாக்கும் பறிபோயிற்று. அருணாசலம் எவருக்காகப் பரிந்து பேசினாரோ, அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களுள் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று.

பெரியாரைப் போற்றுதல் படத்துக்கு மாலை சூட்டுவதோடு முடிவதன்று. அருணாசலம் வாசலைத் திறந்தார். உழைப்பாளரும் பெண்களும் அதனை அகலமாக்கினர். பின்வந்த ஆட்சியாளர் ஒரு சாராரை வெளியே தள்ளி அதனைச் சாத்தினர். மேலிருந்து தரப்பட்டது மேலிருந்தே பறிக்கப்படலாம் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். அயலான் வாக்கிழக்கும்போது நம் வாக்கும் நலிகிறது. இதனை நம் மாணவர் உணருமாறு கற்பிப்போமாயின், அதுவே அம்முதுபெருந் தலைவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.