இணைப்பை மதிப்பிடுதல்: ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’ பெற்ற வரவேற்பு

ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ‘எல்டன் ரிங்’ விளையாட்டுக்கு ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’ என்னும் டிஎல்சி (தனியே விற்கப்படும் கூடுதல் இணைப்பு) 2024 ஜூன் 21 அன்று வெளிவந்தது. முன்கூட்டியே பிரதி பெற்ற விமர்சகர்கள் வழங்கிய மதிப்பெண்களின் சராசரி மெட்டாகிரிட்டிக் தளத்தில் 90-ஐத் தாண்டியது. மூன்று நாளில் 50 லட்சம் பிரதிகள் விற்றன. அதே நாட்களில், ஸ்டீம் கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களின் கருத்துத் தொகுப்பு ‘கலவையானது’ என்ற நிலைக்கு இறங்கியது. தேர்ந்த ரசனைக்கும் வெகுஜன ரசனைக்கும் இடையிலான பழைய பிளவு என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த விளக்கம் போதாது. இரு தரப்பினரும் மதிப்பிட்ட பொருள் ஒன்றே அன்று. டிஎல்சி தனித்து நிற்கும் படைப்பல்ல. மூல விளையாட்டில் ஆடுபவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தே அதன் உருவம் அமைகிறது.

டிஎல்சி விமர்சனம் தொடக்கத்தில் விலை பற்றிய வழக்காகவே இருந்தது. 2006 ஏப்ரலில் பெதஸ்டா நிறுவனம் ‘ஆப்ளிவியன்’ விளையாட்டின் குதிரைக்குக் கவசம் அணிவிக்கும் சிறு இணைப்பை எக்ஸ்பாக்ஸில் இரண்டரை டாலர் மதிப்புள்ள புள்ளிகளுக்கு விற்றது. எழுந்த கேலி இன்றுவரை ஓயவில்லை. 2009இன் முட்டாள்கள் தினத்தில் மற்ற இணைப்புகளின் விலையைப் பாதியாகக் குறைத்து, கவசத்தின் விலையை மட்டும் இரட்டிப்பாக்கி நிறுவனமே அந்தக் கேலியில் கலந்துகொண்டது. குதிரைக் கவசம் வந்த அடுத்த ஆண்டே, 2007இல் வந்த ‘ஷிவரிங் ஐல்ஸ்’ பெருவிரிவாக்கம் நல்ல வரவேற்பைப் பெற்றது. அதன் விலை குறித்து யாரும் பெரிதாகச் சண்டையிடவில்லை. அளவு பெரிதாக இருந்தால் விலைக் கேள்வி அடங்கிவிடும் என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது. அந்த எண்ணத்தை உலுக்கியது 2012இன் ‘மாஸ் எஃபெக்ட் 3’. ஜாவிக் என்ற பாத்திரத்தைக் கொண்ட ‘ஃப்ரம் ஆஷஸ்’ என்ற இணைப்பு, விளையாட்டு வெளியான அன்றே 10 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. கதையின் மையத்திலுள்ள அழிந்த இனத்தைச் சேர்ந்த பாத்திரம் அது. ஆகவே ஆட்சேபம் விலையோடு நிற்கவில்லை. முழுப் படைப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தனியே விற்கிறார்களா என்ற சந்தேகமாக அது வளர்ந்தது.

எர்ட்ட்ரீயின் மீது அத்தகைய சந்தேகம் பெரிதாக எழவில்லை. 40 டாலர் விலையுள்ள அது, பல முழு விளையாட்டுகளைவிடப் பெரியது. மூல விளையாட்டு வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்தே வெளியானது. தகராறு கடினம் பற்றியது. டிஎல்சியின் களமான நிழல் நிலத்துக்குள் நுழைய ராடான், மோக் என்ற இரு பெரும் பாஸ்களை (வலிமைமிக்க எதிரிகளை) வீழ்த்தியிருக்க வேண்டும். மோக் கட்டாயப் பாதையில் வருபவன் அல்லன். மூல விளையாட்டை முடித்தவர்களில் பலர் அவனைக் கண்டதேயில்லை. உள்ளே சென்றபின், ஆடுபவர் முன்பு சேர்த்த நிலைகள் முழுப் பலனைத் தருவதில்லை. அந்நிலத்தில் சிதறிக்கிடக்கும் ஸ்கேடுட்ரீ துணுக்குகளைத் தேடிச் சேர்த்து, அங்கு மட்டுமே செல்லுபடியாகும் இன்னொரு வலிமையை 20 படிகள் வரை உயர்த்த வேண்டும். துணுக்குகளைத் தேடாமல் நேராகப் பாஸிடம் போனவர் இரண்டு அடியில் விழுந்தார்.

பிளவின் வேர் இங்கேதான் இருக்கிறது. விமர்சகர் தம் தொழிலின் இயல்பாலேயே மூலை முடுக்கெல்லாம் துழாவுபவர். துணுக்குகள் அவர் கைக்கு வழியிலேயே கிடைத்துவிடும். இரண்டாண்டு இடைவெளிக்குப் பின், வலிமை முற்றிய பாத்திரத்தோடு திரும்பிய ஆட்டக்காரருக்கோ, சேர்த்ததெல்லாம் பறிபோனதாகத் தோன்றியது. முன்னவர் புதிய நிலத்தின் வடிவமைப்பை மதிப்பிட்டார். பின்னவர் தமக்கும் பழைய விளையாட்டுக்கும் இருந்த ஒப்பந்தம் மீறப்பட்டதா என்பதை மதிப்பிட்டார். இரண்டுமே நியாயமான மதிப்பீடுகள். கணினிப் பதிப்பில் காட்சி தடுமாறியது பற்றிய புகார்களும் ஸ்டீமில் சேர்ந்தன. அவை வேறு வகையைச் சேர்ந்தவை; ஸ்டீம் காட்டும் ஒற்றைச் சதவீத எண் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது.

காலம் இன்னொரு சிக்கல். வெளியான ஐந்தாம் நாளே, ஜூன் 26 அன்று வந்த பேட்ச் என்னும் மென்பொருள் திருத்தம், துணுக்குகள் தரும் வலிமையை, குறிப்பாகத் தொடக்கப் படிகளில், உயர்த்தியது. செப்டம்பரில் வந்த மற்றொரு பேட்ச், மிக அதிகமாக வசைபாடப்பட்ட இறுதிப் பாஸின் தாக்குதல்களைத் திருத்தியது. எனவே ஜூன் மாத மதிப்புரைகள் இன்று யாரும் ஆடமுடியாத ஒரு பதிப்பைப் பற்றியவை. அவற்றை விளக்கங்களாக அன்றி, வரலாற்று ஆவணங்களாகவே ஆய்வாளர் கையாள வேண்டியிருக்கும்.

மூலத்தோடுள்ள பிணைப்பு எதிர்த் திசையிலும் வேலை செய்யும் என்பதற்கு ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டின் டிஎல்சியான ‘ஃபாண்டம் லிபர்ட்டி’ சான்று. மூல விளையாட்டு 2020 டிசம்பரில் பிழைகள் மலிந்த நிலையில் வெளியாகி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்தே நீக்கப்பட்டது. டிஎல்சி 2023 செப்டம்பர் 26 அன்று வந்தது. அதற்கு ஐந்து நாள் முன்பு, திறன் அமைப்பையும் காவல்துறையின் நடத்தையையும் மாற்றிய 2.0 திருத்தம் இலவசமாகவே வெளியாகியிருந்தது. அந்த இலவசத் திருத்தத்துக்குச் சேர வேண்டிய பாராட்டில் ஒரு பகுதி, விலை கொடுத்து வாங்கிய டிஎல்சியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அவ்வாண்டு கேம் அவார்ட்ஸ் விழாவிலும் இந்தத் தெளிவின்மை தெரிந்தது: தொடர்ந்து வளரும் விளையாட்டுக்கான விருதை மூல விளையாட்டு பெற, நடிப்புக்கான பரிந்துரை டிஎல்சியில் நடித்த இட்ரிஸ் எல்பாவுக்குக் கிடைத்தது.

2024இல் அதே விழாவின் ஆண்டின் சிறந்த விளையாட்டுப் பட்டியலில் எர்ட்ட்ரீ இடம்பெற்றபோது சர்ச்சை வலுத்தது. டிஎல்சிகள் விருதுக்குத் தகுதியுள்ளவையே என்று அமைப்பாளர்கள் தெளிவுபடுத்தியிருந்தனர். உள்ளடக்கத்தின் புதுமையையும், விலைக்கேற்ற மதிப்பையும் நடுவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும் என்றிருந்தனர். விருதை ‘ஆஸ்ட்ரோ பாட்’ வென்றது. முடிவைவிட அந்த நிபந்தனையே கவனிக்கத்தக்கது. விலைக்கேற்ற மதிப்புடையதா என்ற அளவுகோல், அதே பட்டியலிலிருந்த ‘பலாட்ரோ’ போன்ற மலிவான விளையாட்டுக்கோ, முழு விலையில் விற்ற ‘ஃபைனல் ஃபேண்டஸி 7 ரீபெர்த்’துக்கோ தனியே விதிக்கப்படவில்லை.