ஓப்பன் ரிலே: திறந்தே கிடந்த தபால் நிலையங்கள்

சொந்த மெயில் சர்வர் நடத்துறவங்க லாக் கோப்பைத் திறந்தா ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: 'ரிலே மறுக்கப்பட்டது'. என் சர்வரிலும் தினமும் உண்டு. எங்கிருந்தோ ஒருவர், எனக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொருவருக்கு என் சர்வர் வழியாக மெயில் தள்ளப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். இந்த மறுப்பு ஒரு காலத்தில் வழக்கத்திலேயே இல்லை.

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 தான் எஸ்.எம்.டி.பி.யின் அடிப்படை ஆவணம். அதில் அனுப்புபவர் யாரென்று சரிபார்க்க வழியே கிடையாது. தபால் உறையில் அனுப்புநர் இடத்தில் யார் பேரை வேணும்னாலும் எழுதலாமே, அந்த மாதிரி. எந்தெந்தக் கணினி வழியாகப் போகணும் என்று அனுப்புபவரே எழுதித் தரவும் இடமிருந்தது. அப்போ பல கணினிகளுக்கு நேரடித் தொடர்பு இல்லை. நடுவில் இருப்பவர் வாங்கிக் கைமாற்றினால்தான் கடிதம் போய்ச் சேரும். இதை அலட்சியம்னு சொல்ல எனக்கு மனசு வரலை. பக்கத்து வீட்டுக்காரர் செய்யும் உதவிதான் அது. (இத்தனைக்கும் 1978லேயே ஒரு கணினிக் கம்பெனி விற்பனையாளர் அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு விளம்பரம் அனுப்பித் திட்டு வாங்கியிருந்தார்.)

90களில் ஸ்பாம் ஆசாமிகள் அந்த உதவியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கடிதம், கூடவே நூறு பெறுநர் முகவரிகள். அனுப்பியவருக்கு ஒரு கடிதத்தின் செலவு; நகலெடுத்து விநியோகிக்கும் சுமை, வந்து சேரும் வசவு எல்லாம் ரிலே சர்வர்காரர் தலையில்.

1997ல் பால் விக்ஸி தடைப்பட்டியல் தொடங்கினார். அமைப்பின் பெயர் மேப்ஸ். ஆங்கிலத்தில் 'ஸ்பாம்' என்பதன் எழுத்துகளைத் திருப்பிப் போட்டது! ஐ.பி. முகவரியைத் தலைகீழாக்கி டி.என்.எஸ்.ஸில் கேட்டால், பட்டியலில் இருப்பவருக்கு 127.0.0.2 போன்ற ஒரு பதில் வரும். அழகான யோசனைதான். ஆனா, அதே சர்வரைப் பயன்படுத்திய அப்பாவிகளின் கடிதங்களும் சேர்ந்தே தடைபட்டன.

என்னைக் கேட்டால், பட்டியலைவிடப் பெரிய காரியம் 1998ல் வந்த சென்ட்மெயில் 8.9. ரிலே வசதியை அது இயல்பிலேயே மூடி வைத்தது. அதுவரை அட்மின் மெனக்கெட்டுப் பூட்டணும். அதன்பிறகு மெனக்கெட்டுத் திறக்கணும். ஒன்றும் செய்யாத சோம்பேறி அட்மின்கூட இதனால் நல்லவர் பக்கம் வந்துவிட்டார்.

தடைப்பட்டியல்கள் மட்டும் இன்றும் இருக்கின்றன. புதுசா வாடகைக்கு எடுத்த ஐ.பி. முகவரியில் முன்பு குடியிருந்தவர் ஸ்பாம் அனுப்பியிருந்தால், நாம் எழுதும் முதல் கடிதமே திரும்பி வரும்.