நான்காவது திருமேனி

மார்கழி மாதத்தில் திருச்சிராப்பள்ளியின் பண்டிகைகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். காவிரியின் வடகரையைக் கடந்தால் திருவரங்கத்தில் பகல்பத்து, இராப்பத்து உற்சவங்கள். தென்கரையில் தெப்பக்குளத்தை ஒட்டிய லூர்தன்னை ஆலயத்தில் கிறிஸ்துமஸ் குடில். வைகுண்ட ஏகாதசி சில ஆண்டுகளில் டிசம்பரிலும் சில ஆண்டுகளில் ஜனவரியிலும் அமையும். 2020ஆம் ஆண்டிலோ டிசம்பர் 25ஆம் நாளன்றே அமைந்தது. அவ்வாண்டு பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளின் காரணமாகப் பரமபதவாசல் திறப்பின்போது பக்தர்கள் கோயிலுக்குள் அனுமதிக்கப்படவில்லை. விடியுமுன்னர் இரத்தினாங்கி அணிந்து நம்பெருமாள் வாசலைக் கடந்த காட்சியை ஊரார் தொலைக்காட்சியில்தான் சேவித்தனர். அதே காலையில் கிறிஸ்துமஸ் திருப்பலியையும் பலர் திரையிலேயே கண்டனர். பண்டிகை என்றாலே தொலைக்காட்சி என்று அரை விளையாட்டாகச் சொல்லிவந்த நம் காலம், அன்று ஒருநாள் அதனை முழு உண்மையாகவே கண்டது.

நேரலை வேறு, நாடகம் வேறு. நேரலையில் காமிரா கண்டதை நாமும் காண்கிறோம். பண்டிகை நாட்களில் அதே பெட்டியில் மற்றொன்றும் நிகழ்கிறது. ஒரு காலத்தில் இம்மண்ணில் நடந்து திரிந்த மனிதர்கள், நடிகர்களின் உடலைப் பெற்று நம் கூடத்திற்குள் வருகிறார்கள். இயேசுவின் வாழ்வைக் கூறும் ‘கருணாமயுடு’ 1978இல் தெலுங்கில் வெளிவந்து, தமிழில் ‘கருணாமூர்த்தி’ ஆயிற்று. அதனைப் பார்த்த ஒரு தலைமுறைக்கு இயேசுவின் முகம் நடிகர் விஜயச்சந்தரின் முகம்தான். திருவரங்கத்தின் மாமனிதரான இராமானுசருக்கும் அத்தகைய திரைமுகம் ஒன்று 2015இல் கிடைத்தது. கலைஞர் தொலைக்காட்சியில் மு. கருணாநிதியின் எழுத்தில், குட்டி பத்மினியின் தயாரிப்பில் வெளிவந்த ‘இராமானுஜர்’ தொடரையே குறிப்பிடுகிறேன்.

வரலாற்று மாந்தரைத் திரையில் காண்பதால் நாம் பெறுவது என்ன, இழப்பது என்ன? இவ்வினாவை எழுப்பத் திருவரங்கத்தைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. ஏனெனில் வாழ்ந்த மனிதரை நடித்துக்காட்டும் மரபு இவ்வூருக்குத் தொலைக்காட்சியால் வந்ததன்று.

இராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபறி. குதிரை வாகனத்தில் நம்பெருமாள் எழுந்தருள, திருமங்கையாழ்வார் தம் ஆட்களோடு வழிமறித்துக் கொள்ளையிடுகிறார். முடிவில் எட்டெழுத்து மந்திரத்தை உபதேசமாகப் பெற்று ஆட்கொள்ளப்படுகிறார். திருமங்கையாழ்வார் கற்பனை மாந்தர் அல்லர். பல்லவ மன்னன் நந்திவர்மன் காலமாகிய எட்டாம் நூற்றாண்டோடு அவரைத் தொடர்புபடுத்த அவர் பாடல்களிலேயே சான்றுகள் உள. நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையைக் கவர்ந்துவந்து அரங்கனுக்குத் திருப்பணி செய்தார் என்னும் கதையை அவரைப் பற்றிக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அம்மனிதரைத்தான் ஊர் ஆண்டுதோறும் நிகழ்த்திப் பார்க்கிறது. அரையர் சேவையும் அவ்வாறே. தலையில் உயர்ந்த குல்லாயும் கையில் தாளமுமாக அரையர் பாசுரத்தை இசைக்கிறார், அபிநயிக்கிறார், பின்னர் உரை கூறுகிறார்.

இந்நிகழ்வுகளில் ஒரு நேர்மை உண்டு. வேடுபறியைக் காண்போர் எவரும் எட்டாம் நூற்றாண்டின் ஒளிப்பதிவைக் காண்பதாக எண்ணுவதில்லை. ஆழ்வார் விக்கிரகமாகவே வருகிறார். அரையர் இரணியனாகச் சீறியதும் மீண்டும் அரையராகித் தாளம் தட்டுகிறார். மூலபாடம் முதலில் ஒலிக்கிறது, அபிநயம் அதனைத் தொடர்கிறது, வியாக்கியானம் பின்னால் வருகிறது. எது பாட்டு, எது நடிப்பு, எது விளக்கம் என்பதைக் கேட்பவர் பிரித்தறிய முடிகிறது. தையல் தெரியும் துணி அது. தொலைக்காட்சித் தொடரில் அந்தத் தையல் தெரிவதில்லை. கல்வெட்டில் கண்டதும், குருபரம்பரையில் படித்ததும், வசனகர்த்தா நேற்றிரவு எழுதியதும் ஒரே வெளிச்சத்தில், ஒரே பின்னணி இசையில் வந்துவிடுகின்றன.

இராமானுசரை எடுத்துக்கொள்வோம். மரபு அவருக்குத் தரும் காலம் 1017 முதல் 1137 வரை, அதாவது 120 ஆண்டுகள். அவருடைய வாழ்வை அறிய நமக்குள்ள சான்றுகள் ஒரே தரத்தன அல்ல. முதலாவது, அவர் காலத்திலேயே வாழ்ந்த திருவரங்கத்தமுதனார் பாடிய இராமானுச நூற்றந்தாதி. நேரில் கண்டவரின் குரல் அது. ஆனால் அது துதி நூல், நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தும் நூலன்று. இரண்டாவது, பின்பழகிய பெருமாள் சீயரின் ஆறாயிரப்படி முதலிய குருபரம்பரை நூல்கள். இராமானுசருக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் எழுந்தவை. மூன்றாவது, கோயிலொழுகு. பல தலைமுறையினர் எழுதிச் சேர்த்த கோயிற் குறிப்பேடு. கோயிற் பணியாளரைப் பத்துக் கொத்தாக உடையவர் வகுத்தார் என்பன போன்ற நிருவாகச் செய்திகளை நாம் அதில்தான் காண்கிறோம். நான்காவது, கோயிற் சுவர்களிலுள்ள கல்வெட்டுகள்.

இனித் திரை விரும்பும் காட்சிக்கு வருவோம். திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி, குரு மறைவாக வைத்திருக்கச் சொன்ன மந்திரத்தை ஊரறியக் கூவிய காட்சி. இராமானுசர் என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவில் எழுவது அதுதான். ஆனால் அமுதனார் அக்கோபுரத்தைப் பாடவில்லை. பிற்கால நூல்களிலும் அந்நிகழ்ச்சியின் விவரங்கள் நூலுக்கு நூல் வேறுபடுகின்றன. இதனால் அந்நிகழ்ச்சி பொய் என்பது என் கருத்தன்று. அதன் பின்னுள்ள உண்மை, அதாவது அருள் சிலருக்கு மட்டும் உரிய சொத்தன்று என்ற இராமானுசரின் நிலை, அமுதனார் பாடலிலேயே நன்கு தெரிகிறது. ஆயினும் முதுகலை வகுப்பில், “அவர் கோபுரம் ஏறியது எந்த ஆண்டு?” என்று ஒரு மாணவர் கேட்கும்போது, நம்பிக்கையின் கதை ஒன்று ஆவணமாக உருமாறிவிட்டதை உணர்கிறோம்.

எந்தக் காட்சியை எவர் விரும்பினார் என்பதிலும் ஒரு வரலாறு உண்டு. 1938இல் ‘ஸ்ரீ ராமானுஜர்’ திரைப்படமாக வந்தது. கதை வசனம் வ.ரா. மணிக்கொடி வட்டத்தைச் சேர்ந்த ந. பிச்சமூர்த்தியும் அதில் நடித்தார். பாடல்கள் பாரதிதாசன்! சுயமரியாதை இயக்கத்தின் கவிஞர், தம் முதற் கவிதைத் தொகுதி வெளிவந்த அதே ஆண்டில், ஒரு வைணவ ஆசாரியரின் படத்திற்குப் பாட்டெழுதினார். ஆலயப் பிரவேசம் நாடெங்கும் பேசப்பட்ட காலம் அது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு அடுத்த ஆண்டு, 1939இல் நிகழ்ந்தது. அக்காலத்திற்கு வேண்டியிருந்தவர் சாதி வேலியைத் தாண்டிய இராமானுசர். பின்னர் 1989இல் ஜி.வி. ஐயர் ‘ராமானுஜாசார்யா’ படத்தைத் தமிழில் எடுத்தார். சங்கரர், மத்துவர் படங்களை எடுத்துமுடித்த அவருக்கு வேண்டியிருந்தவர் வேதாந்தி. இந்திரா பார்த்தசாரதியின் ‘இராமானுஜர்’ நாடகம் 1999ஆம் ஆண்டிற்கான சரஸ்வதி சம்மான் விருதைப் பெற்றது. 2015இல், தொண்ணூறைக் கடந்த பகுத்தறிவு இயக்கத் தலைவர் ஒருவர் அதே ஆசாரியரை மதத்தில் புரட்சி செய்த மகானாகக் கண்டு தொடர் எழுதினார். பாரதிதாசனிலிருந்து கருணாநிதி வரை ஒரு நேர்கோடு ஓடுகிறது. இறைமறுப்பாளர் இருவரும் இராமானுசரிடம் கண்டது இறையை அன்று, மனிதரைப் பிரிக்கும் சுவரை இடித்த கையை.

இதில் குறைகூற ஒன்றுமில்லை. குருபரம்பரை ஆசிரியர்களும் தத்தம் காலத்தின் தேவைக்கேற்பவே எழுதினர். குறை வேறிடத்தில் எழுகிறது. நாயகனுக்கு ஒளி கூட்டுவதற்காக மற்றொரு மெய்யான மனிதரைக் கருப்பாகத் தீட்டும்போது எழுகிறது.

கிருமிகண்ட சோழன் கதை அத்தகையது. சைவ வெறிகொண்ட சோழ மன்னன் ஒருவன் இராமானுசரைப் பிடித்துவரச் சொன்னான் என்றும், அவருக்குப் பதிலாகச் சென்ற கூரத்தாழ்வான் கண்களை இழந்தார் என்றும், இராமானுசர் மேல்கோட்டைக்குச் சென்று பல்லாண்டு தங்கினார் என்றும் மரபு கூறும். மரபு அம்மன்னனைக் கழுத்தில் புழு நெளிந்தவன் என்ற இழிபெயராலேயே சுட்டுகிறது. ஆய்வாளர்கள் மூவரை முன்வைத்துள்ளனர். மூவருக்கும் இடர்ப்பாடு உண்டு. அதிராசேந்திரன் 1070இலேயே இறந்துவிட்டான். மேல்கோட்டைக் கதையில் வரும் போசள விஷ்ணுவர்த்தனன் அரியணை ஏறியதோ 1108 அளவில். இரண்டாம் குலோத்துங்கன் 1133இல் பட்டமேறினான். தில்லைக் கோவிந்தராசர் திருமேனியைக் கடலில் இட்டவன் அவன் என்பதை அவன் அவைப்புலவர் ஒட்டக்கூத்தரே பெருமையாகப் பாடுகிறார். ஆனால் மரபுவழிக் காலக்கணக்கின்படி அப்போது இராமானுசருக்கு அகவை 116. பன்னிரண்டு ஆண்டு நாடுகடந்து வாழ்ந்து திரும்புவதற்கு இடமேயில்லை. எஞ்சுபவன் முதலாம் குலோத்துங்கன் (1070–1120). காலம் பொருந்துகிறது. கல்வெட்டுகள் தடுக்கின்றன. அவன் ஆட்சியாண்டு குறித்த கல்வெட்டுகள் திருவரங்கத்தில் பல உள்ளன. அவற்றுள் ஒன்று, அவனது பதினெட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது (1088). திருவிழா இரவுகளில் குலசேகராழ்வாரின் ‘தேட்டருந்திறல்’ பதிகத்தைப் பெருமாள் திருமுன் பாடுதற்கு ஏற்பாடு செய்த செய்தியை அது கூறுகிறது. வைணவத்தை அழிக்கப் புறப்பட்ட மன்னனின் ஆட்சியில், அம்மன்னன் பெயரையே தலைப்பிலிட்டு, ஆழ்வார் பாசுரத்திற்கு அறக்கட்டளையா? ஒருவேளை அவன் ஆட்சியின் பிற்பகுதியில் நிலை மாறியிருக்கலாம். அல்லது அதிகாரி ஒருவரின் கொடுமை அரசன் தலையில் ஏறியிருக்கலாம். வரலாறு இங்கே ‘இருக்கலாம்’ என்ற சொல்லோடு நிற்கிறது.

திரைக்கு ‘இருக்கலாம்’ என்பது தெரியாது. 2008இல் வெளிவந்த ‘தசாவதாரம்’ படத்தின் தொடக்கக் காட்சிகளை நினைவுகூருங்கள். கோவிந்தராசர் சிலையோடு கடலில் எறியப்படும் ரங்கராஜன் நம்பி கற்பனைப் பாத்திரம். எறியச் சொல்லும் குலோத்துங்கன் மெய்யான மன்னன். சிலை கடலுக்குப் போனதற்கு அக்காலப் பாட்டு சான்று. மனிதன் போனதற்கு இல்லை. இம்மூன்றையும் பிரித்தறிய அக்காட்சியில் ஒரு சிறு குறிப்பும் கிடையாது. விடுமுறை நாளில் அதனைச் சின்னத்திரையில் பார்க்கும் சிறுவனுக்குச் சோழ வரலாறு அவ்வளவுதான்.

மிகையாகத் தீட்டுவது திரையின் தனிக்குற்றமும் அன்று. திருச்சிராப்பள்ளி வட்டாரத்தோடு நெருங்கிய தொடர்புடைய வீரமாமுனிவரைப் பாருங்கள். 1711இல் தமிழகம் வந்த இத்தாலியர், தேம்பாவணியும் சதுரகராதியும் தந்தவர். இவர் சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார், பல்லக்கில் பரிவாரத்தோடு சென்றார் என்று 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாறு கூறுகிறது. திவான் பதவிக்கு உறுதியான சான்றில்லை என்று பிற்கால ஆய்வாளர் மறுத்தனர். ஆயினும் அந்தப் பல்லக்கு இன்றும் மேடைப்பேச்சில் இறங்காமல் சென்றுகொண்டிருக்கிறது. தேம்பாவணி எழுதிய கைக்குத் திவான் முத்திரை எதற்கு? அடியாருக்கு அடியார் கூட்டிய அணிகலன் அது. அச்சில் வந்த வரலாற்றுக்கே இந்நிலை என்றால், கண்ணால் காணும் காட்சிக்குச் சொல்ல வேண்டுமா?

வைணவ மரபே இதற்கு ஓர் அழகிய அளவுகோலைத் தந்திருக்கிறது. இராமானுசருக்கு மூன்று சிறப்புத் திருமேனிகள் உண்டு என்பர். திருப்பெரும்புதூரில் உள்ளது தானுகந்த திருமேனி, அவரே கண்டு மகிழ்ந்தது. மேல்கோட்டையில் உள்ளது தமருகந்த திருமேனி, பிரிவாற்றாத சீடர்கள் தமக்கென வடித்துக்கொண்டது. திருவரங்கத்தில் உள்ளது தானான திருமேனி, அவரே அதுவாக இருக்கிறார் என்பது நம்பிக்கை. ஒரே மனிதரின் மூன்று வடிவங்களுக்கு மூன்று பெயர்கள்! எது எவருடைய உகப்பால் எழுந்தது என்பதைப் பெயரிலேயே எழுதிவைத்த பெருந்தெளிவு அது. தமருகந்ததைத் தானானது என்று மயங்க அம்மரபு இடந்தரவில்லை.

சின்னத்திரையில் நாம் காண்பது நான்காவது திருமேனி. திரையுகந்த திருமேனி என்று அதற்குப் பெயரிடலாம். அதனை வெறுக்க வேண்டியதில்லை. நூற்றந்தாதியைத் தொட்டிராத எத்தனையோ வீடுகளுக்கு உடையவரின் பெயரைக் கொண்டுசேர்த்தது அதுவே. பெயரிட்டு அழைத்தால் போதும். அடுத்த மார்கழியில் வீட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து அத்தகைய தொடர் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், “இது கல்வெட்டா, பாட்டா, கதையா, வசனமா?” என்று ஒரு காட்சிக்கேனும் கேட்டுப்பாருங்கள். விடை தெரியாவிடினும் கேள்வி பிள்ளையோடு தங்கும். அரங்கம் வரும் வாய்ப்பிருந்தால் உடையவர் சந்நிதிக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். மார்கழிக் குளிரில் அங்கே பின்னணி இசை ஏதுமில்லாமல் அமர்ந்திருப்பவரைக் கண்டபின், திரையில் கண்டவரை இவரோடு ஒப்பிடுவது எளிதாகும்.