துப்பாக்கியின் முன்பிடி: கேமில் பார்ப்பதும் கையில் நடப்பதும்

பப்ஜி விளையாடுறவங்களுக்கு இது மனப்பாடம். செங்குத்து முன்பிடியை மாட்டினால் துப்பாக்கி மேலே ஏறுவது குறையும். சாய்வு முன்பிடியை மாட்டினால் பக்கவாட்டு ஆட்டம் குறையும். திரையில் ஒரு தட்டு தட்டினால் போதும், துப்பாக்கி உடனே அடங்கிவிடும்.

நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. முன்பிடி என்பது பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அல்லது அலுமினியத் துண்டு. உள்ளே ஸ்பிரிங் கிடையாது, எந்தப் பொறியும் கிடையாது. துப்பாக்கியை அடக்குவது அதைப் பிடித்திருக்கும் கைதான். அந்தக் கை எங்கே இருக்க வேண்டும் என்பதைத்தான் முன்பிடி தீர்மானிக்கிறது.

அப்படியென்றால் இதற்காகச் சிலர் ஏன் இவ்வளவு செலவு செய்கிறார்கள்? கேமுக்கு வெளியே, நம்மூரில், இந்தத் துண்டு எப்போது பிரச்சினையாகிறது?

தாங்கும் கைக்கு என்ன வேலை?

வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு வலக்கை விசையில் இருக்கும். இடக்கை முன்னால் தாங்கும்.

சுடும்போது துப்பாக்கி நேராகப் பின்னால் மட்டும் உதைப்பதில்லை. பெரும்பாலான துப்பாக்கிகளில் குழலின் கோடு, தோளில் அழுத்தும் இடத்தைவிடச் சற்று மேலே இருக்கும். அதனால் உதைக்கும்போது குழல் முனை மேலே எழும். அதைக் கீழே வைத்திருப்பது தாங்கும் கையின் முதல் வேலை. இலக்கை நோக்கித் திருப்புவது இரண்டாவது வேலை.

கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், கஷ்டம். கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சுலபம். இங்கேயும் கணக்கு அதேதான். தோள்தான் கீல். கை எவ்வளவு முன்னால் போகிறதோ, குழல் முனையை அடக்குவது அவ்வளவு எளிது.

அதனால்தான் கடந்த 15, 20 ஆண்டுகளில் ஒரு பாணி பரவியது. கையை நன்றாக முன்னால் நீட்டி, கட்டைவிரலைக் குழலுக்கு மேலே வளைத்துப் பிடிப்பது. ஆங்கில எழுத்து ‘சி’ போல இருப்பதால் சி-கிளாம்ப் என்று பெயர். அமெரிக்காவின் துப்பாக்கிப் போட்டிகளும் மேக்புல் நிறுவனத்தின் பயிற்சி வீடியோக்களும் அதைப் பிரபலமாக்கின. ஓர் இலக்கிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாகத் திரும்ப அது உதவும்.

ஆனால் கை சீக்கிரம் சோர்ந்துபோகும். இரண்டு நிமிடம் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், புரியும். நின்றபடி நிதானமாகக் குறி பார்த்துச் சுடுபவர்கள் இன்றும் பழைய முறையையே விரும்புகிறார்கள்: கையை மேகசின் பக்கமாகக் கொண்டுவந்து, முழங்கையைத் துப்பாக்கிக்கு நேர் கீழே வைப்பது. எடையைத் தசைக்குப் பதிலாக எலும்பு தாங்கும்.

மூன்று வடிவங்கள்

செங்குத்து முன்பிடி குச்சி மாதிரி கீழே நீளும். கனமான துப்பாக்கியைத் தோளோடு சேர்த்து இழுத்துப் பிடிக்க வசதி. பக்கத்தில் விளக்கு, லேசர் எல்லாம் மாட்டியிருந்தால் கைக்கு இடம் இருக்காது. அப்போது இது கைகொடுக்கும். படுத்துச் சுடும்போது மட்டும் தரையில் இடிக்கும்.

சாய்வு முன்பிடி ஒரு சிறு சரிவு, அவ்வளவுதான். மணிக்கட்டு அதிகம் மடங்காமல் கை முன்னால் போக உதவுகிறது.

மூன்றாவது, ஹேண்ட் ஸ்டாப். விரல் அளவுக்கு ஒரு சின்ன மேடு. பார்த்தால் ‘இதுக்கா காசு?’ என்று தோன்றும். எனக்கென்னவோ மூன்றில் இதுதான் புத்திசாலித்தனமானது. ஒவ்வொரு முறையும் கை ஒரே இடத்தில் போய் நிற்கிறது. சுவரோரத்தில் முட்டுக்கொடுத்து அழுத்தலாம். குழல் குட்டையான துப்பாக்கியில் இன்னொரு முக்கியமான வேலையும் இதற்கு உண்டு: கை வழுக்கிக் குழல் முனைக்கு முன்னால் போகாமல் தடுப்பது. அங்கே போனால் விரல் போய்விடும்.

சார் 21-இல் ஏன் அதைக் காணோம்?

தேசிய சேவைக்குப் போகவிருக்கும் தம்பிமார்கள் இதைக் கேட்பதுண்டு. சிங்கப்பூரில் உருவாக்கப்பட்ட சார் 21, 1999-இல் அறிமுகமானது. அதற்கு முன்பு இருந்தது எம்16 எஸ்1. அப்பாவைக் கேட்டால் கதை சொல்வார்.

சார் 21 ‘புல்பப்’ வகை. அதாவது மேகசினும் சுடும் பொறியும் விசைக்குப் பின்னால், கன்னத்துக்கு அருகே இருக்கும். எம்16-இன் நீளம் ஏறக்குறைய 99 சென்டிமீட்டர். சார் 21 சுமார் 80 சென்டிமீட்டர்தான். ஆனால் இரண்டிலும் குழலின் நீளம் ஒன்றே, 50.8 சென்டிமீட்டர். தோட்டாக்கள் இல்லாமலே சுமார் 3.8 கிலோ எடை. அதில் பெரும்பகுதி தோள் பக்கம் இருப்பதால் முன்கைக்குச் சுமை குறைவு. கைக்கு இருக்கும் இடமும் குறைவு.

மற்றவர்கள் தனியாக வாங்கி மாட்டும் பொருள்களில் இரண்டு சார் 21-இல் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. தூக்கும் பிடியில் 1.5 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி. முன்கை பிடிக்கும் பகுதிக்குள் ஒரு லேசர், அதற்கு ஒரே ஒரு ஏஏ பேட்டரி. விருப்பப்படி கருவிகளைப் பொருத்த ரெயில் வைத்த மாறுவடிவம் பிறகு வந்தது.

மலேசிய ராணுவம் முன்பு பயன்படுத்திய ஆஸ்திரியாவின் ஸ்டேயர் ஆக் துப்பாக்கியும் புல்பப்தான். ஆனால் அதில் மடக்கக்கூடிய செங்குத்து முன்பிடி பிறப்பிலேயே உண்டு. காரணம் கைக்கு வசதி மட்டுமல்ல. அந்தத் துப்பாக்கியின் குழலைக் கழற்றி மாற்றலாம். சுட்டுச் சூடேறிய குழலைத் தொடாமல் கழற்ற அந்தப் பிடியே கைப்பிடியாகிறது.

ரெயில் வந்தது, கடையும் வந்தது

கண்டதையும் மாட்டும் கலாசாரம் தொடங்கியது ஒரு தர நிர்ணயத்தில். அமெரிக்க ராணுவம் 1995-இல் பிக்காட்டினி ரெயிலுக்கு ஒரே அளவை நிர்ணயித்தது. நியூஜெர்சியில் உள்ள ஆயுதக் கூடத்தின் பெயர் அது. போனுக்கு யுஎஸ்பி எப்படியோ, துப்பாக்கிக்கு அது அப்படி. யார் செய்த விளக்கும் யார் செய்த துப்பாக்கியிலும் பொருந்தும்.

பிறகு எடையைக் குறைக்க இரண்டு புதிய முறைகள் போட்டிபோட்டன: கீமாட், எம்-லாக். அமெரிக்கக் கடற்படையின் கிரேன் ஆய்வு நிலையம் இரண்டையும் சோதித்தது. 2017-இல் வெளியான அதன் முடிவில் எம்-லாக் முந்தியது. கீழே விழுந்தாலும், கழற்றித் திரும்ப மாட்டினாலும், கருவி இடம் மாறாமல் இருப்பதில் அது மேல்.

வீட்டில் ரைஃபிள் வைத்திருப்பவர்கள்

தற்காப்புக்காக வீட்டிலேயே ரைஃபிள் வைத்திருப்பது அமெரிக்காவில் பல மாநிலங்களில் சட்டப்படி சரி. பெரும்பாலும் ஏஆர்-15 வகை. இந்தப் பொருள்களுக்கான பெரிய சந்தை அதுதான்.

அங்கே அனுபவமுள்ள பயிற்றுநர்கள் பொதுவாகச் சொல்லும் வரிசையில் முன்பிடி முதலில் வருவதில்லை. முதலில் விளக்கு. நடுராத்திரி இருட்டில் சமையலறையில் நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனா? அதைப் பார்க்காமல் சுட்டுவிட்டு அழுத குடும்பங்கள் அங்கே உண்டு. அடுத்து தோள்வார், கதவைத் திறக்கவோ பிள்ளையைத் தூக்கவோ ஒரு கை வேண்டுமே. பிறகு ரெட் டாட் எனும் சிவப்புப் புள்ளிக் குறிபார்ப்பி. முன்பிடி அதற்கும் பிறகுதான்.

முன்பிடியைத் தேர்ந்தெடுக்கும் முறையும் சாதாரணம்தான். வெறும் துப்பாக்கியைப் பிடித்து, கண்ணை மூடி, தோளுக்குக் கொண்டுவர வேண்டும். கை இயல்பாக எங்கே போய் நிற்கிறதோ அங்கே பொருத்த வேண்டும். விளக்கின் சுவிட்ச் அதே கட்டைவிரலுக்கு எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் பிடி எவ்வளவு விலையானாலும் அந்த இடம் தப்பு. முன்னால் மாட்டும் ஒவ்வொரு 100 கிராமும் நீட்டிய கையில்தான் தொங்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அமெரிக்காவிலேயே இந்தத் துண்டு சட்டச் சிக்கலைக் கொண்டுவரும். கைத்துப்பாக்கி வகையாகப் பதிவான ஆயுதத்தில் செங்குத்து முன்பிடியைப் பொருத்தினால், அது 1934-ஆம் ஆண்டின் கூட்டரசு ஆயுதச் சட்டத்தின்கீழ் வேறு வகையாகிவிடும் என்கிறது அந்நாட்டு அமலாக்க அமைப்பு. முன்கூட்டியே அனுமதி பெறாவிட்டால் குற்றம். சாய்வு முன்பிடிக்கு அந்தப் பிரச்சினை பொதுவாக இல்லை. கலிஃபோர்னியாவிலோ, மேகசினைக் கழற்றி மாற்றக்கூடிய தானியங்கி ஏற்று ரைஃபிளில் முன்பிடி இருந்தாலே அது தடைசெய்யப்பட்ட ‘தாக்குதல் ஆயுத’ வகையில் சேரலாம். பிடியை மாட்டியதால் தோட்டாவின் வேகம் கூடுவதில்லை. ஆனால் துப்பாக்கியை அடக்கி வேகமாகச் சுட அது உதவுகிறது என்பது சட்டம் கொண்டுவந்தவர்களின் வாதம். ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்து நீதிமன்றம் வரை போகும் சண்டை இது.

சரி, நம்மூரில்?

இங்கே தற்காப்பு ரைஃபிள் என்ற பேச்சுக்கே இடமில்லை. சிங்கப்பூரில் சட்டவிரோதமாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுவரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. மலேசியாவில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுவரை சிறை, குறைந்தது 6 பிரம்படி.

இளையர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த அளவுக்குப் போய் அல்ல. இணையக் கடையில் ‘விளையாட்டுப் பொருள்’ என்று போட்டிருக்கும். மலிவு விலை, இலவச டெலிவரி. ஆனால் ஏர்சாஃப்ட் துப்பாக்கியை உரிமம் இல்லாமல் சிங்கப்பூருக்குள் கொண்டுவர முடியாது. மலேசியச் சட்டத்தில் நிஜத் துப்பாக்கி போலத் தோன்றும் போலித் துப்பாக்கியும் பிரச்சினைதான். ‘கேமுக்காக வாங்கினேன், அலமாரியில் வைக்கத்தான்’ என்ற விளக்கத்தைப் பார்சல் பிடிபட்ட பிறகு சொல்லிப் பயனில்லை. முன்பிடி, குறிபார்ப்பி போன்ற உதிரிகளையும் தனித்தனியாக வாங்கினால் பரவாயில்லை என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். ஆர்டர் பட்டனை அழுத்துவதற்கு முன்பே காவல்துறையின் உரிமப் பிரிவிடம் கேட்டுவிடுங்கள்.

தேசிய சேவையில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. கொடுத்த துப்பாக்கியைக் கொடுத்தபடியே வைத்திருக்க வேண்டும். முன்பிடி வந்தால் அதுவும் ஆயுதக் கிடங்கிலிருந்து, கையெழுத்துப் போட்டு வாங்கியதாகத்தான் இருக்கும்.