இந்தியாவில் பழைய நுண்செயலிகள்: அரிய சில்லுகளும் அவற்றின் சேகரிப்பும்

கணினியின் கணக்கீட்டு வேலைகள் அனைத்தையும் ஒரே சிலிக்கான் சில்லில் செய்து முடிக்கும் உறுப்பு நுண்செயலி எனப்படும். பயன்பாட்டிலிருந்து நீங்கிய நுண்செயலிகளைத் தேடி எடுத்து, வகைப்படுத்தி, பாதுகாப்பது இன்று உலகெங்கும் ஒரு சேகரிப்புத் துறையாக வளர்ந்துள்ளது. நாணயம், அஞ்சல்தலை ஆகியவற்றைச் சேகரிப்பதைப் போன்றதே இதுவும். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நாணயத்தைச் செல்லாது என்று அறிவித்த பின்னும் மக்கள் பெட்டியில் வைத்திருப்பார்கள். பழைய சில்லுகளோ அவற்றிலுள்ள தங்கத்துக்காகவே உருக்கப்படுகின்றன. எனவே இந்தியக் கணினி வரலாற்றின் பொருள் சான்றுகள் பல, வரலாறாக மதிக்கப்படுவதற்கு முன்பே கழிவாக மறைந்துவிட்டன.

தோற்றம்

வணிக முறையில் விற்பனைக்கு வந்த முதல் ஒற்றைச் சில்லு நுண்செயலி இன்டெல் 4004 ஆகும். இது 1971 நவம்பரில் அறிமுகமானது. ஜப்பானின் பிசிகாம் நிறுவனத்தின் கணக்கிடு கருவிக்காக இது உருவாக்கப்பட்டது. டெட் ஹாஃப், ஃபெடரிகோ ஃபாஜின், ஸ்டான் மேசர், மசதோஷி ஷீமா ஆகியோர் இதன் ஆக்கத்தில் பங்கு கொண்டனர். 16 கால்கள் கொண்ட இச்சில்லில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன.

அதன்பின் 1972இல் இன்டெல் 8008, 1974இல் இன்டெல் 8080, மோட்டோரோலா 6800, 1975இல் மாஸ் டெக்னாலஜியின் 6502, 1976இல் சைலாக் நிறுவனத்தின் இசட்80, 1978இல் இன்டெல் 8086 என அடுத்தடுத்து வந்தன. 1993இல் வெளியான பென்டியம் சில்லில் 31 இலட்சம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஏற்பட்ட இந்த வளர்ச்சியைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய வடிவில் காட்டுவதே நுண்செயலிச் சேகரிப்பின் பயன்.

ஒரு சில்லு எதனால் அரிதாகிறது?

வயது மட்டும் ஒரு சில்லை அரியதாக்குவதில்லை. இசட்80 ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வந்ததாயினும் கோடிக்கணக்கில் தயாரானதால் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. அரிதாவதற்குக் கீழ்க்காணும் காரணங்களே பெரும்பாலும் அடிப்படையாக அமைகின்றன.

முதலாவது, உறை. தொடக்க கால 4004 சில்லுகள் வெண்ணிறப் பீங்கான் உறையில், தங்க முலாம் பூசிய கால்களுடன் வந்தன. அதே சில்லு பின்னாளில் பிளாஸ்டிக் உறையில் வந்தபோது அதற்கு அத்தனை மதிப்பு இல்லை.

இரண்டாவது, பிழை. 1985இல் அறிமுகமான இன்டெல் 80386 சில்லுகளின் தொடக்கத் தொகுதிகளில் 32 பிட் பெருக்கலில் பிழை இருப்பது பின்னர் தெரியவந்தது. சோதனையில் தேறியவற்றின் மேல் இரட்டை சிக்மா குறி இடப்பட்டது. தேறாதவற்றின் மேல் 16 பிட் மென்பொருளுக்கு மட்டும் என்று அச்சிடப்பட்டது. இவ்விரண்டையும் சேகரிப்போர் விரும்பித் தேடுகின்றனர். 1994இல் பென்டியம் சில்லின் வகுத்தல் பிழை வெளியானபோது, அதை மாற்றித் தருவதற்காக இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. திரும்பப் பெறப்படாமல் தப்பிய சில்லுகள் இன்று அந்நிகழ்வின் சான்றுகளாக உள்ளன.

மூன்றாவது, நாடு. பனிப்போர்க் காலத்தில் மேற்குலகச் சில்லுகளைப் பெற இயலாத நாடுகள் அவற்றின் நகல்களைத் தாமே தயாரித்தன. சோவியத் ஒன்றியம் 8080 சில்லின் நகலையும், கிழக்கு ஜெர்மனி யு880 என்ற பெயரில் இசட்80 சில்லின் நகலையும் உருவாக்கின. சோவியத் சில்லுகள் பலவற்றில் கால்களுக்கிடையேயான தூரம் 2.54 மில்லிமீட்டருக்குப் பதிலாக 2.5 மில்லிமீட்டராக இருக்கும். அங்குல அளவுக்கும் மெட்ரிக் அளவுக்கும் உள்ள இச்சிறு வேறுபாடு, 40 கால்கள் கொண்ட சில்லில் சேர்ந்து சேர்ந்து பெரிதாகிவிடும். அதனால் மேற்கத்தியச் சாக்கெட்டில் அது சரியாக அமராது.

சில்லின் மேலுள்ள எழுத்துகள்

பழைய நுண்செயலியின் மேற்புறத்தில் நிறுவனச் சின்னம், வகை எண், தேதிக் குறியீடு முதலியன அச்சிடப்பட்டிருக்கும். தேதிக் குறியீடு பெரும்பாலும் நான்கு இலக்கம் கொண்டது. 8523 என்றிருந்தால் 1985ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். இன்டெல் சில்லுகளில் உரிமைக்குறியுடன் காணப்படும் ஆண்டு வேறு. அது வடிவமைப்புக்குரிய பதிப்புரிமை ஆண்டே அன்றி உற்பத்தி ஆண்டு அன்று. புதிதாகச் சேகரிப்போர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.

அக்கால இன்டெல் வகை எண்ணின் முன்னெழுத்து உறையைக் குறிக்கும். சி என்பது பீங்கான் உறை, டி என்பது இரு பீங்கான் தட்டுகளைக் கண்ணாடியால் ஒட்டிய உறை, பி என்பது பிளாஸ்டிக் உறை. ஒரே 8085 சில்லை இன்டெல் மட்டுமின்றி என்.இ.சி., சீமென்ஸ், தோஷிபா, ஏ.எம்.டி. முதலிய நிறுவனங்களும் தயாரித்தன. ஆகவே ஒரே வகைச் சில்லிலேயே பல வேறுபாடுகள் உள்ளன.

மேலெழுத்தைச் சுரண்டி வேறு எண் அச்சிட்ட போலிகளும் சந்தையில் உண்டு. மேற்பரப்பின் சொரசொரப்பு, எழுத்தின் கூர்மை, கீழ்ப்புறக் குறியீடு ஆகியவற்றை ஒப்பிட்டே உண்மையானதை அறிய முடியும்.

இந்தியாவுக்கு வந்த நுண்செயலிகள்

1978இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதே ஆண்டில் எச்.சி.எல். நிறுவனம் 8சி என்னும் நுண்கணினியை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் தோற்றுநர்களுள் ஒருவரான சிவ நாடார் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். அக்காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தமையால் நாட்டுக்குள் வந்த சில்லுகளின் எண்ணிக்கையும் குறைவு. 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கை இந்நிலையைத் தளர்த்தியது.

1984-85இல் பள்ளிகளுக்கான கணினிக் கல்வித் திட்டத்தின் கீழ் பிபிசி மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றின் உள்ளே இயங்கியது 6502 சில்லு. அதே பத்தாண்டில் டெசிபெல்ஸ் என்ற இந்திய நிறுவனம் இசட்80 சில்லில் இயங்கும் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினியை உரிமம் பெற்றுத் தயாரித்தது.

அமெரிக்கா உயர்வகை மீக்கணினியை விற்க மறுத்ததை அடுத்து 1988இல் புனேயில் சி-டாக் நிறுவப்பட்டது. 1991இல் அது உருவாக்கிய பரம் 8000, இங்கிலாந்தின் இன்மாஸ் நிறுவனத்து டி800 டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளை இணைத்து அமைக்கப்பட்டது. ஒரு சில்லு மற்றவற்றுடன் நேரடியாகச் செய்தி பரிமாறிக்கொள்ளும் வசதி டிரான்ஸ்பியூட்டரின் சிறப்பு. இந்திய வரலாற்றோடு தொடர்புடைய அரிய சில்லுகளில் இதற்குத் தனியிடம் உண்டு.

மொகாலி ஆலை

இந்தியாவிலேயே சில்லு தயாரிப்பதற்காக பஞ்சாபின் மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. 1984இல் 5 மைக்ரான் தொழில்நுட்பத்தில் அங்கு உற்பத்தி தொடங்கியது. 1989 பிப்ரவரி 7ஆம் நாள் ஏற்பட்ட தீ விபத்து ஆலையைப் பெரிதும் அழித்தது. உற்பத்தி மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. 2006இல் இந்நிறுவனம் விண்வெளித் துறையின் கீழ் ஆய்வகமாக மாற்றியமைக்கப்பட்டது.

விபத்துக்கு முன்பு அந்த ஆலை இயங்கியது ஐந்து ஆண்டுகள் மட்டுமே. எனவே 1980களில் அங்கு தயாரான சில்லு எதுவாயினும் அது மிகக் குறுகிய காலத்தின் எச்சமாகும். சோவியத், கிழக்கு ஜெர்மானியச் சில்லுகளுக்கு உலகெங்கும் பட்டியல்களும் சேகரிப்பாளர்களும் உள்ளனர். மொகாலிச் சில்லுகளுக்கு அத்தகைய கவனம் இன்னும் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டு ஆய்வகங்களில் 8085

தமிழ்நாட்டில் மிகப் பரவலாக அறியப்பட்ட பழைய நுண்செயலி இன்டெல் 8085 ஆகும். 1976இல் வந்த இச்சில்லில் சுமார் 6,500 டிரான்சிஸ்டர்கள் உள்ளன. முந்தைய 8080 சில்லுக்கு மூன்று வெவ்வேறு மின்னழுத்தங்கள் தேவைப்பட்டன. 8085 சில்லுக்கு 5 வோல்ட் ஒன்றே போதுமானதாக இருந்தது. பயிற்சிக் கருவிகள் செய்வதற்கு இது ஏற்றதாக அமைந்தது.

சென்னையைச் சேர்ந்த வி.ஐ. மைக்ரோசிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் தயாரித்த 8085 பயிற்சிக் கருவிகள், சென்னை, கோவை முதல் பெரம்பலூர், அரியலூர் வரை பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இடம்பெற்றன. மாணவர்கள் இதனை 'மைக்ரோபிராசசர் கிட்' என்றே அழைத்தனர். கட்டளைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியெண்ணை அட்டவணையில் பார்த்து, விசைப்பலகையில் ஒவ்வொன்றாக உள்ளிட வேண்டும். பி பதிவகத்தில் உள்ளதைக் கூட்டு என்பதற்கு 80, நிறுத்து என்பதற்கு 76. ஆய்வகக் கையேடுகள் பலவற்றில் நிரல் 4100 என்ற முகவரியில் தொடங்கும். விடை 4500 என்ற முகவரியில் இருக்கும். சிவப்பு எண்காட்டியில் விடை சரியாகத் தெரிந்தால் ஆசிரியர் கையொப்பமிடுவார்.

உலகச் சேகரிப்புச் சந்தையில் 8085 சாதாரணச் சில்லு. 1997இல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் ஊர்தியில் இதன் குறைமின்சார வகை பயன்பட்டது என்பதே அதன் பெருமையாகச் சொல்லப்படும். ஆனால் தமிழ்நாட்டில் பல தலைமுறைப் பொறியாளர்கள் இயந்திரத்தோடு அதன் மொழியிலேயே முதன்முதலில் பேசியது இச்சில்லின் வழியாகத்தான். இந்த வகையில் அதன் மதிப்பைச் சந்தை விலை கொண்டு அளவிட இயலாது.

தங்கமும் அழிவும்

பழைய பீங்கான் நுண்செயலிகளின் கால்களிலும் மூடியிலும் உள்ளிணைப்புகளிலும் தங்கம் உண்டு. 1995இல் வந்த பென்டியம் புரோ இவ்வகையில் பெயர் பெற்றது. காயலான் கடைக்கு எடைக்கு வரும் கணினிகளிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்படுவது இத்தகைய சில்லுகளே. முறைசாராத் தொழிலில் இவை அமிலத்தில் கரைக்கப்படுகின்றன. இதனால் தொழிலாளரின் நுரையீரலும் தோலும் பாதிக்கப்படுவதுடன் நிலமும் நீரும் கெடுகின்றன.

இதனைத் தடுக்க 2012 மே முதல் மின்னணுக் கழிவு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்குப் பதிலாக வந்த புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. கழிவைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பது சுற்றுச்சூழலுக்கு நல்லது. ஆயினும் அங்கும் சில்லு அரைத்துப் பொடியாக்கப்படும். ஒரு கல்லூரி முப்பது கருவிகளைக் கழித்துக் கொடுக்கும்போது, இயங்கும் நிலையிலுள்ள ஒன்றைக் கையேட்டுடன் தனியே எடுத்து வைத்தால் போதும். வரலாறும் காக்கப்படும், விதியும் மீறப்படாது.

பாதுகாக்கும் முறை

பழைய சில்லுகள் நிலைமின்னால் எளிதில் பழுதடையும். அவற்றை ஓரங்களைப் பிடித்தே எடுக்க வேண்டும். நிலைமின் தடுக்கும் பெட்டியில் வைப்பது நல்லது. பழைய கறுப்பு நுரைப் பஞ்சு காலப்போக்கில் சிதைந்து கால்களை அரிக்கும் என்பதால் அதனை மாற்றிவிட வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் வெள்ளி முலாம் பூசிய கால்கள் கறுத்துவிடும்; ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகள் இதற்கு உதவும்.

பயிற்சிக் கருவிகளில் நுண்செயலியைவிட விரைந்து மறையக்கூடியது அதன் அருகிலுள்ள ஈப்ராம் நினைவகமாகும். கருவியை இயக்கும் அடிப்படை நிரல் அதில்தான் உள்ளது. அதன் கண்ணாடிச் சாளரத்தின் மேல் ஒட்டிய தாள் உரிந்து வெயில் பட்டால் நிரல் அழியும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தானாகவும் மங்கக்கூடும். ஆகவே நிரலை நகலெடுத்து வைப்பதும் சேகரிப்பின் பகுதியே. ஒவ்வொரு சில்லும் எந்தக் கருவியில் இருந்தது, எந்த நிறுவனம் எந்த ஆண்டு பயன்படுத்தியது என்ற குறிப்பையும் உடன் வைக்க வேண்டும். குறிப்பில்லாத சில்லு, கண்டெடுத்த இடம் தெரியாத பழங்காசு போன்றது.

நாளைய அரிய சில்லுகள்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சக்தி திட்டத்தில் உருவான ரைஸ்கிரீக் நுண்செயலி 2018இல் வெளியானது. அமெரிக்காவிலுள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரான அதன் முதல் தொகுதியில் 300 சில்லுகளே இருந்தன. அதே ஆண்டில் ரைமோ என்ற சில்லு மொகாலி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரானது. 2025 செப்டம்பரில் விண்கலன் ஏவு ஊர்திகளுக்கான விக்ரம் 3201 என்னும் 32 பிட் நுண்செயலி பிரதமரிடம் வழங்கப்பட்டது. அதற்கு முந்தைய விக்ரம் 1601, 2009 முதல் ஏவு ஊர்திகளில் பயன்பட்டு வந்தது.

குறைந்த எண்ணிக்கையில் உருவான இச்சில்லுகள் பிற்காலத்தில் மிக அரியவையாகும் என்பதில் ஐயமில்லை. 1980களின் இந்தியச் சில்லுகள் போதிய பதிவின்றி மறைந்ததைப் போல இவையும் மறையாதிருக்க, அருங்காட்சியகங்களும் கல்லூரிகளும் இப்போதே ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் காத்து வைப்பது தேவையாகும். ஆய்வக அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் 8085 கருவியிலிருந்தே அப்பணியைத் தொடங்கலாம்.