தேசவழமைக்குள் ரோம்

ரோமானியச் சட்டத்தின் சரித்திரம் எழுதுகிறவர்கள் ஜஸ்டீனியனில் தொடங்கி, பொலோனா, பாரீஸ் என்று மேற்கே போய்விடுகிறார்கள். அது தமிழன் வீட்டுத் திண்ணை வரை வந்த கதை அவர்களுக்கு அடிக்குறிப்பு. வந்த இடம் யாழ்ப்பாணம். கொண்டுவந்தது டச்சுக் கம்பெனி.

கிளாஸ் ஐசாக்ஸ் என்ற டச்சு அதிகாரி யாழ்ப்பாணத்துத் தமிழர் வழக்கங்களை 1707இல் எழுதி முடித்தார். அதைத் தமிழாக்கி, பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டிச் சம்மதம் வாங்கினார்கள். தேசவழமை என்பது இதுதான். 1806இல் ஆங்கிலேயர் இதற்குச் சட்ட வலு தந்தார்கள். தேசவழமை மௌனமாக இருக்கும் இடத்தில் ரோமன்-டச்சுச் சட்டம் பேசும் என்பது பின்னால் நீதிமன்றங்கள் ஏற்ற நியதி.

வங்கிக் குமாஸ்தாவான என்னை முதலில் இழுத்தது ஒற்றி. கடன் கொடுத்தவன் நிலத்தின் விளைச்சலை வட்டிக்குப் பதிலாக அனுபவிக்கிறான். ஆம்பூரில் போக்கியத்துக்கு வீடு பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜஸ்டீனியனின் தொகுப்பிலும் ஆன்டிகிரீசிஸ் என்ற கிரேக்கப் பெயரில் இது இருக்கிறது. யார் யாரிடம் வாங்கினார்கள் என்று கிளம்புவது வீண். கடன் உள்ள ஊரிலெல்லாம் தானாக முளைக்கக்கூடியது.

அடிமைகள் பற்றிய பகுதியை அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று சாதிப் பெயர்களோடு வருகிறது அது. ஹாலந்தின் சொந்த வழக்கில் அடிமைகளுக்கான விதிகள் இல்லை. கீழைநாடுகளில் கம்பெனி ரோமானிய விதிகளையே எடுத்துக்கொண்டது. கயஸ் தன் நூலில் மனிதர்களைப் பிரிக்கும் முதல் கோடே சுதந்திரர், அடிமை என்பதுதான். (அந்த நூல் 1816இல் வெரோனாவில் அகப்பட்டது. தோலில் இருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே ஜெரோமின் கடிதங்களை எழுதியிருந்தார்கள். தோல் ஊர்க்காரனுக்கு இதில் ஒரு அல்ப சந்தோஷம்.)

யாழ்ப்பாணத்தில் சாதிக்கட்டு முன்பே இருந்தது, கொடுமையும் இருந்தது. ஆனால் ஊர், கோயில், வயல் என்று பல இழைகளில் பின்னிக் கிடந்த ஊழியம், எஜமானின் சொத்து என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டது சட்டத்தின் கைங்கரியம் என்றே எனக்குப் படுகிறது. அதையும் ஆதி வழக்கம் என்கிறார்கள். அது முதலியார்கள் தலையசைத்த வழக்கம். அடிமைப்பட்டவர்களில் ஒருவர்கூட அந்தப் பன்னிருவரில் இல்லை.

1844இல் இலங்கையில் அடிமைமுறை ஒழிந்தது; அந்தப் பக்கங்கள் செல்லாமல் போயின. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று மற்றப் பக்கங்கள் பேசும் சொத்துப் பிரிவுகளை யாழ்ப்பாணத்து வக்கீல்கள் இன்றும் சொல்லி வாதாடுகிறார்கள்.