சாவி மாறிய ஜனவரி

இன்னைக்கு நான் பேசப்போறது 2016 டிசம்பர் கடைசியில் நடந்த கதை. போனில் கம்பெனி கொடுத்த மென்பொருளை எடுத்துட்டு வேற ரோம் போடுறவங்க பலரும் அப்போ நம்பியிருந்தது, ஸ்டீவ் கோண்டிக் 2009-இல் தொடங்கிய சயனோஜென்மாட். அதன் பின்னால் இருந்த நிறுவனம், டிசம்பர் 31-உடன் சேவைகளை நிறுத்துவதாக அறிவித்தது. தன்னார்வலர்கள் அதே நிரலை எடுத்து லீனியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

நிரல் அதேதானே, பழசு மேலயே புதுசைப் போட்டுடலாமேன்னு தோணும். ஆனா முடியாது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் அதை உருவாக்கியவரின் சாவியால் போட்ட கையொப்பம் உண்டு. புது அணியின் சாவி வேறு. கையொப்பம் பொருந்தலைன்னா பழைய தரவைப் புதுச் செயலியிடம் சிஸ்டம் ஒப்படைக்காது. அப்போ போனை முழுசா அழிக்கணும். செயலி, அமைப்பு, குறுஞ்செய்தி எல்லாம் போயிடும்.

2017 ஜனவரியில் அந்த அணி ஒரு வழி சொன்னது: முதல்ல ஓர் இடைமாற்றப் பதிப்பைப் பழசு மேல போடுங்க, ரீபூட் பண்ணுங்க, அப்புறம் வழக்கமான பதிப்புக்குப் போங்க. யாரும் நடுவிலேயே தங்கிடக் கூடாதுன்னு, அந்தப் பதிப்பின் திரையில் வேணும்னே அசிங்கமா ஒரு வாட்டர்மார்க் வெச்சாங்க.

எனக்குப் பிடிச்சது இதுதான். கையொப்பச் சோதனை நம்ம தரவுக்குக் காவல். அதை நிரந்தரமா எடுத்துடாம, ஒரே ஒரு தடவை வழிவிட வெச்சாங்க.